வருமானம் மேலே, உப்பு கீழே

ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது 1992-ல். நொய்யலில் வரும் வெள்ளத்தைத் தேக்கி, ஈரோடு, கரூர் வட்டாரங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவதற்காக எழுப்பிய, நாற்பது அடி நீர் கொள்ளும் அணை. நான்கைந்து ஆண்டுகள்கூட ஓடவில்லை. அணை வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த அதே விவசாயிகள், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்டு நீதிமன்றப் படியேறினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையைப் பாசனக்காரர்களே வேண்டாம் என்று சொல்ல நேர்ந்த கொடுமை இந்த நொய்யல் கரையில் நடந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அதற்கு முடிவு வரவில்லை.

அணையில் தேங்கியது மழைநீர் இல்லை, திருப்பூரின் சாயக்கழிவு. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் பேரூரையும் தொட்டு, திருப்பூரின் நடுவே புகுந்து வெளியேறும் நொய்யல், மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் இயல்பாகவே வற்றிக் கிடக்கும் ஆறு. வற்றிய ஆற்றில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நாள் தவறாமல் விட்ட கழிவே ஆறாக ஓடியது. ஓடிய கழிவு அணையில் வந்து நின்றது, நின்றது நிலத்துக்குள் இறங்கியது. அணையைத் திறந்தால் கீழே உள்ள கால்வாய்களுக்கும் வயல்களுக்கும் கேடு, மூடினால் சுற்றிலும் உள்ள கிணறுகளுக்குக் கேடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அடி கரையோர ஊர்க்காரர்களான எங்கள் மேல்தான் விழுந்தது.

இப்போது அணை பெரும்பாலும் வெறுமையாகத் திறந்தே கிடக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைக்காததே அதன் வேலை என்றாகிவிட்டது. ஆனால் அணை வெறுமையானதால் நிலம் குணமாகிவிடவில்லை. மண்ணுக்குள் இறங்கிய உப்பு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கும், ஒரு வாய் வைக்க முடியாது. மஞ்சளும் வாழையும் நெல்லும் விளைந்த தோட்டங்களில் இன்று தீவனச் சோளம் வந்தால் போதும் என்ற நிலை. தென்னை நிற்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நிற்கிறது, உண்மைதான். காய் சிறுத்து, குரும்பை உதிர்ந்து நிற்கிறது. இளநீரே உப்புக் கரிக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்கிற செய்தி. மாடு கன்றுகளுக்குக் காட்டும் தண்ணீரையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் காங்கேயம் காளைக்கும் பெயர் போன மண்ணில், கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வழியில்லாமல் பட்டியைக் குறைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

வீட்டுக்குள் வந்து பார்த்தால் துன்பம் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். போர் தண்ணீரில் துவைத்த துணி விறைத்துப் போகிறது. சோப்பு நுரைப்பதில்லை. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிறது. மோட்டாரும் குழாயும் ஆயுள் முடியும் முன்பே அரித்துப் போகின்றன. சிமெண்ட் பூச்சு உதிர்கிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருப்பதும், வராத நாளில் இருபது லிட்டர் கேனுக்குக் காசு எண்ணுவதும் பெண்களின் அன்றாட வேலையாகிவிட்டன. சொந்தக் கிணறு வைத்திருக்கும் விவசாயி, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்குகிறார். இந்தச் செலவை எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. நொய்யல் கரை ஊரென்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் வெட்கத்தோடு சொல்வார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

ஒரு மாவட்டத்துக்குள்ளேயே தொழில் எப்படி ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதைத் திருப்பூரைச் சுற்றி ஒரு பகல் பயணத்தில் பார்த்துவிடலாம். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகள். பல்லடத்தில் விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணைகளும். காங்கேயத்தில் அரிசி ஆலைகளும் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும். வெள்ளக்கோவிலில் மறுபடியும் தறிச்சத்தம். தாராபுரம் பக்கம் அமராவதிப் பாசனத்தில் நெல். உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பும் காற்றாலையும். ஒவ்வொரு தொழிலும் தன் ஊரின் மண்ணிலும் காற்றிலும் தன் தடத்தைப் பதிக்கிறது. கோழிப்பண்ணை ஊரில் ஈத்தொல்லை, அரிசி ஆலை ஊரில் உமிக்கரி, தறி ஊரில் காது செவிடாகும் இரைச்சல். அந்தச் சங்கடங்களும் பேசப்பட வேண்டியவையே. ஆனால் அவை பெரும்பாலும் சம்பாதிக்கிற ஊரிலேயே தங்குகின்றன. ஈயைச் சகித்துக்கொள்கிறவரும் கோழியை விற்கிறவரும் ஒரே ஊர்க்காரர். அதனால் தொல்லை எல்லை மீறும்போது ஊருக்குள்ளேயே கேள்வி எழும், பஞ்சாயத்து கூடும், ஏதோ ஒரு தீர்வும் வரும்.

சாயத்தொழில் அப்படி இல்லை. அது ஆற்றோடு போகிற தொழில். வருமானம் பட்டறை இருக்கும் ஊரில் நிற்கிறது, கழிவு ஆறு போகும் ஊருக்குப் போகிறது. மங்கலம், ஆண்டிபாளையம், வீரபாண்டி, முருகம்பாளையம், காசிபாளையம் என்று நகரைச் சுற்றிய பட்டறைகளில் இறங்கிய சாயம், நகரத்தில் யார் கண்ணையும் உறுத்தாமல் ஓடைகள் வழியாக நொய்யலில் கலந்து, எங்கள் கிணற்றில் வந்து ஏறியது. பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததில்லை, நாங்களும் அவரைப் பார்த்ததில்லை. கேள்வி கேட்க ஒரே பஞ்சாயத்தும் இல்லை. கேடு செய்யும் ஊரும் கேட்டைச் சுமக்கும் ஊரும் வேறு வேறாக இருக்கும்போது, இடையில் நின்று நியாயம் செய்ய அரசைத் தவிர வேறு யாரும் கிடையாது. அதனால்தான் இந்த முறையீடு மறுபடி மறுபடி அரசை நோக்கியே போகிறது.

திருப்பூர் எப்போதும் இப்படிச் சாய நகரமாக இருந்ததில்லை. தொழில் தொடங்கிய முதல் அரை நூற்றாண்டு வெள்ளைப் பனியன்தான் அதன் சரக்கு. 1978-ல் இத்தாலிய வணிகர் அன்டோனியோ வெரோனா இங்கே வந்து கொள்முதல் செய்ததை ஏற்றுமதியின் தொடக்கமாகத் தொழில்துறையினர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஐரோப்பியக் கடைகளுக்கு நிறம் நிறமான டி-சர்ட் தேவைப்பட்டது. எண்பதுகளில் பெருகிய ஆர்டர்களோடு சாயப்பட்டறைகளும் பெருகின. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதியாகிறது, பல லட்சம் பேர் பிழைக்கிறார்கள். இதில் ஒரு வினோதம் உண்டு. துணியைத் தைப்பதற்குத் தண்ணீர் வேண்டாம், சாயம் போடுவதற்குத்தான் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கே தவித்த வறண்ட ஊரில்தான் தண்ணீரைக் குடிக்கும் அந்தத் தொழில் வளர்ந்தது. நகரத்தில் நீர் போதாமல் போனபோது, சுற்றுக் கிராமத்துத் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனது. வெள்ளாமையை விட்டுத் தண்ணீர் விற்பது லாபம் என்று கண்ட தோட்டக்காரர்களும் எங்கள் பக்கம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கிணற்று நீர் லாரியில் ஏறி நகரம் போனது. உப்போடும் சாயத்தோடும் ஆற்றில் இறங்கித் திரும்பி வந்தது.

உப்பு எங்கிருந்து வந்தது என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. பருத்தித் துணி தண்ணீரில் கரைந்த சாயத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. உப்பைச் சேர்த்தால்தான் சாயம் நீரை விட்டு நூலில் ஏறும். அடர்ந்த கறுப்போ நீலமோ சிவப்போ வேண்டுமானால், ஒரு கிலோ துணிக்கு அரை கிலோவுக்கு மேல் உப்பு போட வேண்டியிருக்கும். அந்த உப்பில் துணியோடு போவது ஒன்றுமில்லை. அத்தனையும் கழிவுநீரிலேயே நிற்கிறது. நிறத்தை அகற்றுவது எளிது, சுண்ணாம்பு போன்ற ரசாயனங்களைப் போட்டால் பெருமளவு தெளிந்துவிடும். கரைந்த உப்பு அப்படித் தெளிந்து போவதில்லை. குடிநீரில் கரைந்த பொருட்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை சகிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அணையிலும் சுற்றுக் கிணறுகளிலும் அது பல ஆயிரங்களைத் தொட்டது. தெளிந்த தண்ணீரைக் காட்டி, சுத்தமாகிவிட்டது என்று சொன்னவர்களும் அன்று உண்டு. நிறம் போயிருந்தது, அவ்வளவுதான்.

இனி வாக்குறுதிகளின் கதை. தொண்ணூறுகளின் நடுவில் விவசாயிகள் வழக்குத் தொடுத்த பிறகு, சுத்திகரிப்பு நிலையங்கள் அமைப்போம் என்று உறுதி சொல்லப்பட்டது. தனித்தனியாகவும் பொதுவாகவும் நிலையங்கள் எழுந்தன. அவை நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. பட்டறைக்காரர்கள் செலவு செய்தார்கள், அரசு உதவியது, எங்கள் கிணற்றில் மட்டும் மாற்றமில்லை. சூழல் இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 2004-ல் கணக்கெடுத்து, 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. ஆளுக்குப் பங்கிட்டால் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு போர் போடுவதற்குக் காணாத அந்தத் தொகைதான், ஒரு தோட்டத்துத் தண்ணீர் கெட்டதற்கு முதலில் போடப்பட்ட விலை.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, கெடுவும் விதித்தது. கெடு முடிந்தது. அவகாசம் கேட்டார்கள், கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2009 அக்டோபரில் அங்கேயும் எங்கள் பக்கமே தீர்ப்பு வந்தது, மூன்று மாத அவகாசத்தோடு. அதுவும் கடந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. திருப்பூர் அதிர்ந்தது அன்றுதான். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எங்கள் ஊர்கள் அதிர்ந்தது யாருக்கும் கேட்கவில்லை, பட்டறை நின்றது ஒரே வாரத்தில் நாடு முழுக்கக் கேட்டது. சாயம் போட வெளிமாநிலங்களுக்குத் துணி போனது, தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். அந்தத் துயரத்தைக் கண்டு நாங்கள் மகிழவில்லை. ஆனால் முதல் உத்தரவையே ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால் அப்படியொரு நாள் வந்தே இருக்காது.

பிறகு நடந்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். அரசு சுமார் 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலன்களும் வந்தன. கழிவுநீரில் பெரும்பகுதி தெளிந்த நீராகவும், உப்புக் கரைசலாகவும் மறுபடி பட்டறைக்கே திரும்புகிறது. நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் வரை இப்படி மறுபயன்பாடு ஆகிறது என்பது தொழில்துறையினர் சொல்லும் கணக்கு. இவ்வளவு பெரிய அளவில் கழிவே வெளியேறாத முறையை ஏற்ற ஜவுளி நகரம் உலகில் அரிது. அதற்காகத் திருப்பூர் பெருமைப்படலாம். அந்தப் பெருமைக்கு முதல் காரணம் நீதிமன்ற வாசலில் கால் கடுக்க நின்ற கடைமடை விவசாயிகள் என்பதை மட்டும் எந்த விழா மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

ஆனால் இன்றைய நொய்யலில் தீர்ந்து போனது எது, தீராமல் நிற்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற பெரிய பட்டறைகள் ஒழுங்குக்குள் வந்தன. அனுமதி இல்லாத சிறு பட்டறைகள் வரவில்லை. பட்டன், ஜிப், நாடா, எலாஸ்டிக் ஆகியவற்றுக்குச் சாயம் ஏற்றும் குடோன்கள், குடியிருப்புகளுக்கு நடுவே தகரக் கொட்டகைகளில் இயங்குகின்றன. சாக்கடையிலோ ஓடையிலோ திறந்துவிடுவதே அவற்றின் சுத்திகரிப்பு. சோதனை வரும், மின் இணைப்பு துண்டிக்கப்படும், சில வாரங்களில் வேறு தெருவில் வேறு கொட்டகை முளைக்கும். மழை பெய்யும் இரவு வந்தால் ஓடைகளின் நிறம் மாறுவது கரையோரம் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தில் கலந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்ற துணிச்சல். ஆற்றில் நுரை பொங்கியபோது, மக்கள் சோப்பு போட்டுக் குளித்ததால் வந்த நுரை என்று பொறுப்பில் இருந்தவர்களே விளக்கம் தந்த காலமும் உண்டு. குளிக்கத் தண்ணீர் தேடி அலைகிறவர்களுக்கு அந்த விளக்கத்தைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சாயம் மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. கோவையிலும் திருப்பூரிலும் பெருகிய வீடுகளின் சாக்கடை பெருமளவு சுத்திகரிக்கப்படாமலே நொய்யலில் சேருகிறது. நகரத்தின் குப்பை ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டப்படுகிறது. அந்தக் குழிகளை ஒட்டிய ஊர்கள் சாலையில் உட்கார்ந்து போராடியதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அதிலும் அதே கணக்குதான். நகரம் தயாரிக்கிறது, கிராமம் வாங்கி வைத்துக்கொள்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புக்கும் கசடுக்கும் வழி முழுமையாகக் காணப்படவில்லை. கசடு சிமெண்ட் ஆலைகளுக்குப் போக வழி உண்டு. கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. ஆற்றில் விடாத உப்பு எங்கோ ஓரிடத்தில் குவியத்தானே செய்யும்.

நகரத்துக்குள்ளேயும் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். ஜம்மனை ஓடையின் கரையிலும் நொய்யல் கரையிலும் லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களைச் சொல்கிறேன். தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பீஸ்ரேட்டுக்கு ஓவர்லாக் மிதித்துவிட்டு வந்து, கொசுவுக்கும் நாற்றத்துக்கும் நடுவே தூங்குகிறார்கள். பெருமழை வந்தால் ஓடைநீர் முதலில் புகுவது அந்த வீடுகளில்தான். தொழிலில் உழைப்பவரும் தொழிலின் கழிவைச் சுமப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் கொடுமை அங்கே.

திருப்பூரில் கட்டுப்பாடு இறுகியபோது சாயம் எங்கே போனது என்பது இன்னொரு வேதனை. ஈரோடு, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் போனது. அங்கே ஏற்கெனவே இருந்த பட்டறைகளோடு புதியவையும் சேர்ந்தன. அனுமதியற்ற பட்டறைகளை இடித்தார்கள் என்ற செய்தி அங்கிருந்து வந்தவண்ணம் இருக்கிறது. நொய்யலைக் காப்பாற்றிக் காவிரியைக் கெடுத்தால், இரண்டும் சேருமிடத்தில் இருக்கும் கரூர்க்காரருக்கு என்ன மிச்சம்? செலவு குறைந்த இடம் தேடித் தொழில் நகரும். கேட்பாரில்லாத இடமே செலவு குறைந்த இடமாகிவிடுகிறது. ஐரோப்பா தன் ஆறுகளைக் காக்க விதிகளை இறுக்கிய காலத்தில்தான் சாயம் நம்மிடம் வந்தது. வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுதல் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பதும், ராஜஸ்தானின் பாலி நகரில் துணிச்சாயம் பாண்டி ஆற்றுக்கு என்ன செய்தது என்பதும் இதே கதையின் வேறு அத்தியாயங்கள். பாலியிலும் கீழ்க்கரை விவசாயிகள்தான் வழக்குப் போட்டார்கள். ஆகவே விதி ஒரு நகரத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. காவிரியில் கலக்கும் எந்த ஓடைக்கரையில் சாயத்தொட்டி இருந்தாலும் ஒரே விதி, ஒரே கண்டிப்பு வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பனியன் கம்பெனிகளை மூடச் சொல்லி யாரும் இங்கே கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே காலையில் கம்பெனி பஸ் ஏறித்தான் வேலைக்குப் போகிறார்கள். விவசாயம் கெட்ட பிறகு எங்களைத் தாங்கியதும் அந்தக் கம்பெனிச் சம்பளம்தான். ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள், கல்மணிகள் செய்து தூர தேசத்துக்கு விற்றிருக்கிறார்கள். அகழாய்வு அதைக் காட்டியிருக்கிறது. தொழிலும் ஏற்றுமதியும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஊர் பிழைக்க வேண்டும், ஆறும் பிழைக்க வேண்டும் என்கிறோம்.

செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பவானி ஆற்று நீர் குழாயில் வந்தது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் அந்தத் திட்டம் 2000-களின் நடுவிலேயே செயலுக்கு வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதியைக் காக்க என்ன செய்யலாம் என்று எத்தனை கூட்டங்கள், எத்தனை கடிதங்கள். அந்த அக்கறை தவறில்லை. அதில் நாலில் ஒரு பங்கு அவசரம் நொய்யலுக்குக் காட்டப்பட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

செய்ய வேண்டியவை பலமுறை மனுக்களில் எழுதப்பட்டவைதான். அணைப் படுகையில் படிந்த வண்டலை ஆய்ந்து, கேடுள்ளதை முறையாக அகற்றிப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும். அள்ளிக் கொண்டுபோய் இன்னொரு ஊரின் பாறைக்குழியில் கொட்டுவது தீர்வாகாது. இழப்பீடு பழைய பயிர்க்கணக்கோடு நின்றுவிட்டது. மண்ணையும் கிணற்றையும் ஊர் ஊராக மறுபடி சோதித்து, இன்றுவரை தொடரும் இழப்பை மதிப்பிட வேண்டும். உப்பேறிய நிலத்தைத் தேற்ற ஜிப்சமும் பசுந்தாள் உரமும் நல்ல தண்ணீரும் வேண்டும். அந்தச் செலவைத் தனி விவசாயி தாங்க மாட்டார். ஏற்றுமதி வருமானத்தில் மிகச் சிறிய பங்கை ஆற்றுக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கி, அதைக் கடைமடை ஊர்களுக்கே செலவிட வேண்டும். பட்டன், ஜிப் சாயக்காரர்களை விரட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, அவர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, பொது சுத்திகரிப்போடு தொழில் செய்ய வழி காட்டலாம். அதன் பிறகும் திருட்டுத்தனமாக விடுகிறவர்களுக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பட்டறைகளுக்கு வேலை கொடுத்து, பட்டனுக்கும் ஜிப்புக்கும் சாயம் ஏற்றி வாங்கும் பெரிய கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டும். சாக்கடைக்கு நகரங்கள் முழுவதும் சுத்திகரிப்பு வேண்டும். இதெல்லாம் முடியும்வரை கரையோரக் கிராமங்களுக்கு நாள்தோறும் குடிநீர் வேண்டும். இது சலுகை இல்லை, கெடுத்த கிணற்றுக்கு ஈடு.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரே ஒரு காரியத்தை உடனே செய்யலாம், அதற்குப் பெரிய நிதியும் வேண்டாம். திருப்பூரைத் தாண்டியதும் ஓரிடத்திலும், ஒரத்துப்பாளையத்தில் ஓரிடத்திலும், அதற்குக் கீழே கரூர் எல்லையில் ஓரிடத்திலும் இரவு பகலாக நீரின் உப்பை அளக்கும் கருவிகளை வைத்து, அந்த அளவை ஊராட்சி அலுவலக வாசலில் எல்லோரும் படிக்கும்படி தினமும் எழுதிப் போட வேண்டும். மழை இரவில் யார் திறந்துவிட்டாலும் மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிடும். அளவைக் கேட்டு அதிகாரிகளின் மேசை மேசையாக அலையும் வேலை எங்களுக்கு இராது, கழிவே வரவில்லை என்று சொல்லும் வேலை அவர்களுக்கும் இராது. அடுத்த வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் இந்த மூன்று கருவிகளும் நொய்யலில் நிற்க வேண்டும் என்று கரையோர ஊர்களின் சார்பில் கேட்கிறோம்.